பதினோரு குளங்கள் இருந்த பூங்கா

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மேற்குப் பக்கமாக நடந்தால் சில கட்டடங்கள் வரிசையாக வரும். முதலில் புறநகர் மின்சார ரயில்கள் புறப்படும் பல மாடிக் கட்டடம். அடுத்து செந்நிற விக்டோரியா பொது மண்டபம். அதற்கடுத்து வெள்ளை வெளேரென்று ரிப்பன் மாளிகை. பின்பக்கம் அல்லிக்குளம் வணிக வளாகம், நேரு விளையாட்டரங்கம். நகரத்திலேயே நெரிசல் மிகுந்த இந்த மூலை முழுவதும் ஒரு காலத்தில் ஒரே பூங்காவாக இருந்தது.

அதன் பெயர் பீப்பிள்ஸ் பார்க். மக்கள் பூங்கா. பரப்பு 116 ஏக்கர். உள்ளே 11 குளங்கள், ஐந்தரை மைல் நீளத்துக்குச் சாலைகள், பேண்டு வாத்தியம் வாசிக்க ஒரு மேடை, குளிப்பதற்குப் பொதுக் குளம், டென்னிஸ் ஆடுகளம், பிற்பாடு ஒரு மிருகக்காட்சி சாலை. இன்று சென்னையில் பெரிதென்று பெயர் வாங்கிய செம்மொழிப் பூங்காவின் பரப்பு ஏறக்குறைய 20 ஏக்கர். அதைப் போல ஐந்தாறு பூங்காக்களை உள்ளடக்கக்கூடிய ஒரு பசுமை வெளி, கோட்டைக்கும், அதற்கு வெளியே உள்ளூர் மக்கள் வாழ்ந்த கறுப்பர் பட்டணத்துக்கும் பக்கத்திலேயே இருந்தது.

அந்தப் பூங்கா எப்படி வந்தது என்பதை விட, எப்படிப் போனது என்பதுதான் சென்னைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. நிலத்தை வளைத்துப்போட்டவர்கள் யாரும் இதில் இல்லை. போலிப் பத்திரமும் இல்லை. பூங்காவிலிருந்து போன ஒவ்வொரு துண்டு நிலமும் ஒரு நல்ல காரியத்துக்காக, ஊராரின் பொதுத் தேவைக்காக, முறைப்படிதான் போனது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சென்னையில் தோட்டங்களுக்குக் குறைவில்லை. வெள்ளைக்கார அதிகாரிகளும் வணிகர்களும் நுங்கம்பாக்கம், எழும்பூர், அடையாறு பக்கம் ஏக்கர் கணக்கில் தோட்ட வீடுகள் கட்டிக்கொண்டு வாழ்ந்தார்கள். ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி மருத்துவர் நுங்கம்பாக்கத்தில் பெரிய தாவரத் தோட்டம் வைத்திருந்தார். சைதாப்பேட்டையில் சப்பாத்திக் கள்ளி வளர்த்து, அதில் சாயப்பூச்சி வளர்க்கவும் பாடுபட்டார். சிவப்புச் சாயத்தை இங்கேயே எடுத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. அது பலிக்கவில்லை. 1835இல் ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளரின் முன்முயற்சியில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கியது. இந்த வைட் வெளியிட்ட தாவரப் படத் தொகுதிகளுக்குச் செடிகளை அச்சு அசலாக வரைந்து கொடுத்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு உள்ளூர் ஓவியர்கள். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு வைட் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். நம் ஓவியர் ஒருவர் பெயர் தாவரவியல் நூலில் ஏறிய அரிய சம்பவம் அது.

இவையெல்லாம் தனியார் தோட்டங்கள்; இல்லையென்றால் ஆராய்ச்சிக்கோ சங்க உறுப்பினர்களுக்கோ உரியவை. சாதாரண சனம் காலாற நடக்க என்ன இருந்தது? கோயில் நந்தவனம், தெப்பக்குளப் படிக்கட்டு, ஊர்க்கோடித் தோப்பு. கறுப்பர் பட்டணத்தில் அதுவும் அரிது. பிரெஞ்சுப் படை 1758–59இல் கோட்டையை முற்றுகையிட்டுப் போன பிறகு, ஆங்கிலேயர் அந்தப் பட்டணத்தைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். வால்டாக்ஸ் ரோடு என்று இன்றும் சொல்கிறோமே, அந்தச் சாலை மேற்கு மதிலை ஒட்டிப் போனதுதான். மதிலுக்குள் வீடும் கிடங்கும் கடையும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. மதிலுக்கு வெளியே மேற்கில் தாழ்வான வெற்று நிலம் கிடந்தது.

1859 மார்ச்சில் ஆளுநராக வந்த சர் சார்லஸ் ட்ரெவெல்யனின் கண்ணில் அந்த வெற்று நிலம் பட்டது.

ட்ரெவெல்யன் பற்றி நல்லதும் கெட்டதுமாக நிறைய உண்டு. ‘மெக்காலே கல்வி’யின் மெக்காலே அவருக்கு மைத்துனர். அயர்லாந்துப் பஞ்சத்தின்போது லண்டன் கருவூலத்தில் இருந்துகொண்டு நிவாரணத்தை இறுக்கிப் பிடித்தவர் என்ற பழி அவர்மேல் உண்டு. அயர்லாந்துக்காரர்கள் அவரை இன்றைக்கும் மன்னிக்கவில்லை. அதே மனிதர் சென்னைக்கு வந்ததும் கறுப்பர் பட்டணத்து மக்களுக்கு மூச்சுவிட இடம் வேண்டும் என்று நினைத்தார். இங்கிலாந்தில் அப்போது பரவிக்கொண்டிருந்த எண்ணம் அது. லண்டனில் தொழிலாளர்கள் நெருங்கி வாழ்ந்த கிழக்குப் பகுதிக்கென்றே விக்டோரியா பூங்கா 1845இல் திறக்கப்பட்டிருந்தது. லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் பர்கன்ஹெட் பூங்கா 1847இல் வந்தது. ஆலைப் புகையில் வாடும் சனத்துக்கு அரசே தோட்டம் போட்டுத் தர வேண்டும், அதற்குள் நுழையக் காசு கேட்கக் கூடாது என்பது அந்தக் காலத்தில் புதுக் கொள்கை. அதைச் சென்னையில் நட்டவர் ட்ரெவெல்யன்.

பூங்கா முழுதாக எழுவதற்குள் அவர் பதவி போய்விட்டது. இந்தியாவில் வருமான வரி விதிக்க நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் திட்டம் போட்டபோது, சென்னை மாகாணத்துக்கு அது ஆகாது என்று ட்ரெவெல்யன் எதிர்த்தார். எதிர்த்ததோடு நிற்காமல் தன் எதிர்ப்புக் குறிப்பைப் பத்திரிகைகளிலும் வெளிவரச் செய்தார். ஓர் ஆளுநர் அப்படிச் செய்யலாமா என்று 1860இல் லண்டன் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. ஓராண்டுக்குச் சற்று மேல்தான் அவர் இங்கே ஆண்டது. ஆனால் அவர் தொடங்கிவைத்த பூங்கா நின்றது. விக்டோரியா பொது மண்டப வளாகத்தில் அவர் பெயரில் ஒரு நீரூற்று உண்டு.

அடுத்த சில ஆண்டுகளில் பூங்காவுக்குக் கூட்டத்தை இழுத்து வந்தவை செடிகளல்ல, மிருகங்கள். எட்வர்ட் பல்ஃபூர் என்ற மருத்துவர் எழும்பூர் அருங்காட்சியகத்தை நடத்திவந்தார். அங்கே உயிரோடு ஒரு புலிக்குட்டியையும் சிறுத்தையையும் வைத்தபோது, அவற்றைப் பார்க்கவே ஆட்கள் திரண்டு வருவதை அவர் கவனித்தார். ஆற்காடு நவாப்பிடம் இருந்த மிருகங்களைக் கேட்டு வாங்கி, 1855இல் அருங்காட்சியக வளாகத்திலேயே மிருகக்காட்சி சாலை தொடங்கினார். ஓராண்டுக்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட விலங்குகள் சேர்ந்துவிட்டன. இடம் போதவில்லை. 1863இல் அவை பீப்பிள்ஸ் பார்க்குக்குக் குடிபெயர்ந்தன.

சென்னைச் சனம் இந்த இரண்டு இடங்களுக்கும் தானாகவே பெயர் வைத்தது. பாடம் செய்த விலங்குகள் இருந்த அருங்காட்சியகம் ‘செத்த காலேஜ்’. மிருகக்காட்சி சாலை ‘உயிர் காலேஜ்’. வெளியூரிலிருந்து சென்னைக்கு வரும் குடும்பங்கள் கடற்கரையையும் இந்த இரண்டு காலேஜுகளையும் பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை. கட்டுச்சோற்று மூட்டையோடு வந்து, மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, சிங்கத்தின் கூண்டை இன்னொரு தரம் பார்த்துவிட்டு ரயிலேறுவார்கள். 1873இல் சென்ட்ரல் நிலையம் பூங்காவின் கிழக்கு ஓரத்தில் எழுந்ததும், 1895இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியதும் இந்தக் கூட்டத்துக்கு வசதியாயின. 1871 மக்கள்தொகைக் கணக்கின்படி அன்றைய சென்னையில் இருந்தவர்கள் நாலு லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. அந்த அளவு ஊருக்கு 116 ஏக்கர் பூங்கா என்றால் எவ்வளவு தாராளமான ஒதுக்கீடு என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆண்டின் கடைசி வாரத்தில் பூங்காவின் முகமே மாறிவிடும். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவே அங்கே ‘பார்க் ஃபேர்’ நடக்கும். கடைகள், வேடிக்கைகள், குஸ்தி, வாணவேடிக்கை எல்லாம் உண்டு. வீட்டை விட்டு அதிகம் வெளியே வராத பெண்கள்கூடக் குழந்தைகளோடு வந்து பார்க்கும் திருவிழா அது. கோயில் திருவிழாவில் சாதி பார்த்து ஆளை நிறுத்திய காலத்தில், காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவர் எல்லாரும் ஒரே பந்தலுக்குள் நின்று ஒரே வேடிக்கையைப் பார்த்தார்கள். பூங்கா தந்த பழக்கங்களில் இதுவே பெரிது.

1886 டிசம்பர் 31 அன்று அந்தத் திருவிழாவில் தீப்பிடித்தது. ஓலையும் மூங்கிலும் தட்டியுமாகக் கட்டிய பந்தல்களில் தீ தாவித் தாவிப் போனது. உள்ளே இருந்தவர்களால் வெளியேற வழி காண முடியவில்லை. நூற்றுக்கணக்கானோர் கருகியும் மிதிபட்டும் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் மிகுதி. புத்தாண்டு விடிந்தபோது சென்னையில் பல வீடுகளில் அழுகைச் சத்தம். இந்தியாவில் கூட்டம் கூடும் இடத்தில் நடந்த பெருந்தீ விபத்துகளின் வரிசையில் இது முன்னால் நிற்க வேண்டியது. ஆனால் இதே ஊரில் வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் இப்படி ஒன்று நடந்ததாகக் கேள்விப்பட்டதே இல்லை. கும்பகோணம் பள்ளித் தீயின் நினைவு நமக்கு எப்படி வலிக்கிறதோ, அப்படி வலித்திருக்க வேண்டிய நாள் அது.

திருவிழா அதோடு முடிந்துவிடவில்லை. பிற்காலத்தில் மீண்டும் வந்தது. 1901இல் உருவான தென்னிந்திய தடகளச் சங்கம் பூங்காவின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துப் பந்தயங்களும் ஆண்டிறுதி விழாவும் நடத்தியது. இன்றைக்குத் தீவுத்திடலில் பொங்கலை ஒட்டி நடக்கும் பொருட்காட்சியில் டெல்லி அப்பளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ராட்டினத்துக்கு வரிசையில் நிற்கும் குடும்பங்கள், அந்தப் பழைய பார்க் ஃபேருக்குப் போனவர்களின் வாரிசுகள்தான்.

நிலம் கைமாறத் தொடங்கியது தீ விபத்துக்கும் சற்று முந்தியே. சென்னைக்கு ஒரு நகர மண்டபம் வேண்டும் என்று பெரிய மனிதர்கள் கூடிப் பேசினார்கள். இங்கிலாந்து ஊர்களில் எல்லாம் டவுன் ஹால் இருக்கிறதே, நமக்கு ஏன் இல்லை என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி. 1883இல் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி அடிக்கல் நாட்டினார். மாநகராட்சி பூங்காவிலிருந்து ஒரு பகுதியை 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. கட்டடக் கலைஞர் சிசம் வரைந்த கட்டடத்தை நம்பெருமாள் செட்டியார் கட்டி முடித்தார். விக்டோரியா அரசியாரின் பொன்விழாவை ஒட்டி அவர் பெயர் அதற்கு வந்தது. அந்த மண்டபத்தால் சென்னைக்கு வந்த நன்மை சொல்லி மாளாது. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகங்கள் அந்த மேடையில் அரங்கேறின. 1897 பிப்ரவரியில் மேலைநாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தர் அங்கே பேசினார். சென்னை மக்கள் சலனப்படம் என்ற அதிசயத்தை முதன்முதலாகக் கண்டதும் அங்கேதான்.

அடுத்தது சந்தை. பிராட்வேயில் இருந்த பாப்ஹாம் சந்தை நெரிசலும் அழுக்குமாகச் சீர்கெட்டிருந்தது. மாநகராட்சித் தலைவராயிருந்த சர் ஜார்ஜ் மூர் அதற்கு மாற்றாகப் புதுச் சந்தை கட்ட 1898இல் அடிக்கல் நாட்டினார். இடம், பூங்கா. 1900இல் திறந்த மூர் மார்க்கெட், சந்தை என்ற நோக்கத்தையும் தாண்டி சென்னையின் அடையாளமாகவே ஆயிற்று. பழைய புத்தகம், இசைத்தட்டு, பித்தளைச் சாமான், கூண்டுக் கிளி, முயல்குட்டி, எங்கும் கிடைக்காத உதிரிப் பாகம் என்று அங்கே கிடைக்காத பொருள் இல்லை. சென்னையில் படித்து வளர்ந்த இரண்டு மூன்று தலைமுறைத் தமிழ் வாசகர்களுக்கு, அச்சில் இல்லாமல் போன நூல்களைத் தேடித் தந்தவர்கள் அந்த நடைபாதைப் புத்தகக் கடைக்காரர்கள்.

மூன்றாவதாக வந்தது மாநகராட்சி அலுவலகமே. எர்ரபாலு செட்டித் தெருவில் இடம் போதாமல் இருந்த மாநகராட்சி, தான் காவலிருந்த பூங்காவிலேயே தனக்கு மாளிகை கட்டிக்கொண்டது. 1909இல் வைஸ்ராய் மிண்டோ அடிக்கல் நாட்டினார். லோகநாத முதலியார் கட்டினார். 1913இல் ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டது. உள்ளாட்சிக்கு இந்தியாவில் வழிவகுத்த ரிப்பன் பிரபுவின் பெயர் அந்த மாளிகைக்குப் பொருத்தமானதுதான். ஆனால் பூங்காவைப் பொறுத்தவரை அந்த அடிக்கல் ஒரு திருப்புமுனை. காவல்காரரே வீடு கட்டிய பிறகு, அடுத்துக் கேட்டு வருபவரிடம் ‘இது பூங்கா நிலம், தர முடியாது’ என்று எந்த வாயால் சொல்வது? ரிப்பன் மாளிகையின் பின்னால் மை லேடீஸ் கார்டன் என்று அழகான ஒரு துண்டுப் பூந்தோட்டத்தை மாநகராட்சி பேணி, அதில் மலர்க் கண்காட்சிகள் நடத்திவந்தது. 116 ஏக்கரில் தோட்டம் என்று சொல்லத்தக்கதாக மிஞ்சியது பெரும்பாலும் அதுவே.

இருந்தாலும் சுருங்கிய பூங்காவுக்குள்ளும் ஊர் வாழ்க்கை நடந்துகொண்டுதான் இருந்தது. 1930 முதல் 1938 வரை சென்னை மாநகராட்சி தானே ஒரு வானொலி நிலையம் நடத்தியது. ரிப்பன் மாளிகையிலிருந்து மாலைகளில் பாட்டும் பேச்சும் ஒலிபரப்பாகும். வீட்டில் வானொலிப் பெட்டி வைத்திருந்தவர்கள் அன்று விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. அதனால் கடற்கரையிலும் நகரப் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை மாட்டினார்கள். சங்கீத சபாவின் வாசலைக்கூட மிதிக்காதவர்கள் பூங்காப் புல்லில் உட்கார்ந்து கச்சேரி கேட்டார்கள். பிறகு தமிழ்நாடு முழுவதும் நகராட்சிப் பூங்காக்களில் வந்த வானொலி அறைகளும், மாலையில் மாநிலச் செய்திக்காகக் கம்பத்தடியில் கூடிய கூட்டமும் இந்த ஏற்பாட்டின் தொடர்ச்சி. தொலைக்காட்சி வீட்டுக்கு வீடு வந்த பிறகுதான் அந்தக் கம்பங்கள் ஊமையாயின.

1942 ஏப்ரல் மாதம் பூங்கா கண்ட துயரம் வேறு விதமானது. அந்த மாதம் 5ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. அடுத்த நாளே விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். அடுத்தது சென்னைதான் என்று ஊரே நம்பியது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குக் கிளம்பின. மக்கள் மூட்டை முடிச்சோடு எழும்பூரிலும் சென்ட்ரலிலும் மொய்த்தார்கள். குண்டு விழுந்து கூண்டுகள் உடைந்தால் சிங்கமும் புலியும் தெருவில் திரியுமே என்ற கவலை அதிகாரிகளுக்கு வந்தது. மலபார் சிறப்புக் காவல் படை வரவழைக்கப்பட்டது. உயிர் காலேஜின் சிங்கங்களும் புலிகளும் சிறுத்தைகளும் கூண்டுகளில் வைத்தே சுட்டுக் கொல்லப்பட்டன. ஜப்பானியப் படையோ வரவே இல்லை. எத்தனையோ குழந்தைகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேடிக்கை பார்த்த மிருகங்கள் ஒரு பதற்றத்துக்குப் பலியாயின.

சுதந்திரத்துக்குப் பிறகு விளையாட்டின் முறை வந்தது. பூங்கா நிலத்தில் எழுந்த மாநகராட்சி விளையாட்டரங்கில் 1956 ஜனவரியில் இந்தியாவும் நியூசிலாந்தும் டெஸ்ட் ஆடின. வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் சேர்த்தார்கள். மன்கட் 231, ராய் 173. தொடக்க ஜோடியின் அந்த உலக சாதனை 2008 வரை, அரை நூற்றாண்டுக்கும் மேல், அசையாமல் நின்றது. கிரிக்கெட் பிறகு சேப்பாக்கத்துக்கே திரும்பிவிட்டது. இங்கே 1993இல் புதிய நேரு விளையாட்டரங்கம் எழுந்தது. பழைய பூங்காவில் ஒரு பெரிய வட்டத்தை இப்போது அது அடைத்துக்கொண்டிருக்கிறது.

1985ஆம் ஆண்டு பீப்பிள்ஸ் பார்க்கின் கதையை முடித்துவைத்தது என்று சொல்லலாம். மே 30ஆம் தேதி மூர் மார்க்கெட் எரிந்தது. விடிந்தபோது சுவர்கள் கருகி நின்றன. கடைக்காரர்கள் சாம்பலுக்குள் கைவிட்டுத் தங்கள் பொருள்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த இடம் ரயில்வேக்குப் போய், புறநகர் முனையக் கட்டடம் ஆயிற்று. வாகனம் நிறுத்துமிடத்தில் பழைய மார்க்கெட்டின் சிறிய மாதிரி ஒன்றை மட்டும் நிறுவினார்கள். தீ விபத்து நடந்து இரண்டு மாதத்துக்குள், ஜூலை 24 அன்று, வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறந்தது. ரயில் இரைச்சலுக்கும் கூண்டு நெரிசலுக்கும் நடுவே வாடிய விலங்குகளுக்கு ஆயிரம் ஏக்கருக்கும் மேலான காடு கிடைத்தது. விலங்குகளுக்கு அது விடுதலை; அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. ஆனால் நகரத்து நடுவில் டிராமிலோ நடந்தோ போய்ப் பார்க்கக்கூடியதாக இருந்த காட்சி, ஒரு நாள் பயணமாக மாறிற்று. மிருகக்காட்சி சாலை காலி செய்த நிலமும் பூங்காவாகத் திரும்பவில்லை.

எரிந்த மார்க்கெட்டின் கடைக்காரர்களுக்கு மாற்றிடம் தர வேண்டியிருந்தது. அதுவும் நியாயமே. அதற்காகக் கட்டியதுதான் அல்லிக்குளம் வளாகம். பெயரைக் கவனித்தால் விஷயம் புரியும். பீப்பிள்ஸ் பார்க்கின் பதினோரு குளங்களில் ஒன்று அல்லி பூத்த குளம்; கடைகள் நின்றது அந்த இடத்தில். உள்ளே போனால் பழைய புத்தகக் கட்டுகள், விளையாட்டுச் சாமான்கள், துணிக் குவியல்கள். காலடியில் சிமென்ட் தரை. தண்ணீர் நின்ற இடம் என்பதற்கு வேறு தடயம் ஏதுமில்லை. மழைக்காலத்தில் பெரியமேடும் சென்ட்ரல் சுற்றுப்புறமும் முழங்கால் நீரில் தத்தளிப்பதைப் பார்க்கும்போதுதான், அந்தத் தாழ்நிலத்தில் பதினோரு குளங்கள் ஏன் இருந்தன என்பது உறைக்கிறது. குளம் வெட்டிய கை, நிலத்தின் சரிவைப் பார்த்து வெட்டியிருக்கிறது.

பெரிய பூங்கா கரைந்துகொண்டிருந்த அதே காலத்தில் சின்னப் பூங்காக்கள் பல முளைத்தன. ஆளுநர்கள் பெயரில் சிந்தாதிரிப்பேட்டைக்கு நேப்பியர் பூங்கா, ராயபுரத்துக்கு ராபின்சன் பூங்கா. நேப்பியர் பூங்கா பிற்காலத்தில் மே தினப் பூங்கா ஆனது. ராபின்சன் பூங்காவை அரசியல் வரலாறு மறக்காது. 1949 செப்டம்பர் 18 அன்று கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தது அங்கேதான். கறுப்பர் பட்டணத்து மதிலில் மிஞ்சிய துண்டின் மீதே பழைய ஜெயில் சாலையில் ‘மாடிப் பூங்கா’ ஒன்றை மாநகராட்சி அமைத்தது. 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் அமைத்தபோது, அதன் நடுமையமாகவே ஒரு பூங்காவை வைத்து, நீதிக்கட்சி முதல்வர் பனகல் அரசர் பெயரைச் சூட்டினார்கள். சாலைகள் அதிலிருந்து கதிர்களாகப் பிரிந்தன. நகர் அமைக்கும்போதே பூங்காவை நெஞ்சில் வைத்து வரைந்த அந்தத் திட்டக்காரர்களைப் பாராட்ட வேண்டும். அந்தப் பனகல் பூங்காவிலும் இப்போது ஒரு பகுதியை மெட்ரோ ரயில் வேலை எடுத்துக்கொண்டது. காரணம், வழக்கம்போல், நல்ல காரணம்தான்.

மயிலாப்பூர் லஸ் பக்கத்து நாகேஸ்வர ராவ் பூங்கா வேறு வழியில் பிழைத்தது. அமிர்தாஞ்சனம் கண்ட, ‘ஆந்திர பத்திரிகா’ நடத்திய காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயர் தாங்கிய அந்த இடம் முன்பு தண்ணீர் தேங்கும் குட்டையாகக் கிடந்தது. காலை ஆறு மணிக்கு அங்கே போனால் வாசலில் அருகம்புல் சாறும் வாழைத்தண்டுச் சாறும் எவர்சில்வர் பாத்திரங்களில் தயாராக இருக்கும். உள்ளே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஷூ மாட்டி நடக்கும் பெரியவர்கள், ஒரு மூலையில் பூப்பந்து, இன்னொரு மூலையில் சதுரங்கப் பலகைக்கு முன் கன்னத்தில் கைவைத்த சிறுவர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை இளம் பாடகர்கள் மைக் இல்லாமல் கச்சேரி செய்வார்கள். கேட்பவர்கள் சிமென்ட் படியில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுவார்கள். இடம் மாநகராட்சியினுடையது. பராமரிப்பில் சுந்தரம் ஃபைனான்ஸ் நிறுவனம் துணை நின்றது. அவற்றை விட முக்கியம், ஒரு செடி வாடினாலும் ‘ஏன்’ என்று கேட்கும் அக்கம்பக்கத்தார் அங்கே தினமும் இருக்கிறார்கள்.

கதீட்ரல் சாலையில் டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் ஓட்டல் நின்ற நிலத்தில் 2010இல் செம்மொழிப் பூங்கா திறந்தது. அதன் எதிரே கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா 2024இல் வந்தது. இரண்டும் அழகானவை. விலையேறிய கதீட்ரல் சாலையில் கட்டடத்துக்குப் பதில் பூங்கா வந்தது சாதாரண விஷயமல்ல. ஒரே ஒரு மனக்குறை. இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் உண்டு. புதிய பூங்காவில் கம்பியில் தொங்கிப் போகும் வேடிக்கைக்குத் தனிக் கட்டணமும் உண்டு. ஐந்து பேர் உள்ள குடும்பம் ஒரு மாலை அங்கே போய்வரக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1859இல் ட்ரெவெல்யன் போட்ட பூங்காவின் அடிப்படையே, காசில்லாதவருக்கும் நிழல் உண்டு என்பது. அதை நாம் விட்டுவிடக் கூடாது.

பீப்பிள்ஸ் பார்க் தொடங்கிச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1959இல், பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் திறந்தவெளிகளையும் பாதுகாக்கவென்றே இந்த மாநிலத்தில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பெரிய மனைப்பிரிவு போடுகிறவர்கள் பத்து சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற விதியும் பின்னால் வந்தது. சட்டம் இருக்கிறது. ஆனால் பீப்பிள்ஸ் பார்க்கின் வரலாறு காட்டுவது போல, பூங்கா நிலத்தைக் கேட்டு வருவது எப்போதும் ஏதோ ஒரு நல்ல காரணம்தான். நூலகம், தண்ணீர்த் தொட்டி, அங்கன்வாடி, சமுதாயக் கூடம் என்று வரும் கோரிக்கைகளில் எதையும் வேண்டாமென்று சொல்ல மனம் வராது. வேறு இடம் பார்க்கச் சொல்லும் தைரியம் ஊராருக்கு வேண்டும்.

உங்கள் குடியிருப்புப் பகுதிக்கு அங்கீகாரம் கொடுத்த மனைப்பிரிவு வரைபடத்தில் பூங்காவுக்கென்று ஓர் இடம் குறித்திருப்பார்கள். அந்த வரைபடத்தை உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம். வாங்கிக்கொண்டு, அந்த இடத்தில் இப்போது என்ன நிற்கிறது என்று ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். செடி இல்லாமல் வெறும் மண்ணாகக் கிடந்தால் வேலி போடச் சொல்லுங்கள். கட்டடம் எழத் தொடங்கியிருந்தால், தளம் போடுவதற்குள் மனு கொடுங்கள்.